வில்லன் வீட்டு வாசல்

சிங்காநல்லூர்,
3 ஜூலை 2025

அன்புள்ள என்று போட மனசு வராத அண்ணாவுக்கு,

என் நம்பரை உங்கள் போனில் தடுத்து வைத்து ஆறு வருடம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க முடியாதல்லவா, அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

போன வாரம் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, கணுக்காலில் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு டிவிக்கு முன்னால் காலை நீட்டிக் கிடக்கிறேன். துணைக்கு என் மாமியார் ராமாமணி அத்தை. ஒரு நாளைக்கு ஒரு படம் என்று இரண்டு பேரும் பார்த்துத் தீர்க்கிறோம்.

படங்களா அவை? ஒன்று நம் கோயமுத்தூரில் நடக்கிற சிரிப்புப் படமாம். மில் முதலாளி மகள்தான் கதாநாயகி. வாயைத் திறந்தால் ஏனுங்க. பால்காரரிடம் ஏனுங்க, போலீஸிடம் ஏனுங்க, வீட்டு நாயிடமும் ஏனுங்க. நமக்கெல்லாம் கோபம் வந்தால் இந்த 'ங்க' இன்னும் கூடும் என்பதை வசனம் எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. "இந்தப் புள்ள எந்த ஊருல பேசிப் பழகுச்சோ, ஒரு வாரம் என்ர ஊட்டுல இருந்தாச் சரியாப் போயிரும்" என்றார் அத்தை.

அடுத்தது கொலைப் படம். யார் கொலைகாரன் என்று படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அத்தை சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அவர் கவனமெல்லாம் மடியிலிருந்த முருங்கைக்கீரையில்தான். அதில் ஒரு போலீஸ்காரர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஓட ஆரம்பித்து, அடுத்த நொடி உக்கடம் குளக்கரையில் மூச்சு வாங்குகிறார். "அந்த நேரத்துல ஒரு சிக்னல்கூடத் தாண்ட முடியாது" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சாய் எழுந்து போய்விட்டார்.

இதையெல்லாம் சொல்லவா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேற்று மூன்றாவதாக ஒரு படம் போட்டோம். பேர் எழுத மாட்டேன், உங்களுக்குத்தான் தெரியுமே. மகள் விருப்பப்பட்டவனைக் கட்டிக்கொண்டதற்காக அரிவாளைத் தூக்கிக்கொண்டு அலைகிற அப்பன்தான் வில்லன். அவன் வீட்டைக் கீழிருந்து மேலே காட்டுகிறார்கள், பின்னால் உடுக்கைச் சத்தம். தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு வீடு. பச்சைக் கதவு. கதவுக்கு மேலே கலர்க் கண்ணாடி, அதில் ஒரு சில்லு மட்டும் வெள்ளை. ஆறாவது படிக்கும்போது நான் பந்தடித்து உடைத்து, அப்பா வேறு சில்லு வாங்கிப் பதித்தாரே, அதே வெள்ளை.

நிறுத்துங்க, நிறுத்துங்க என்று நான் போட்ட சத்தத்தில் அத்தை கீரையைக் கொட்டிவிட்டார்.

ஏனுங்க அண்ணா, நம் வீட்டை வில்லன் வீடாக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அம்மா உட்கார்ந்து பூக்கட்டின ஊஞ்சலில் ஒரு தடியன் உட்கார்ந்து அரிவாள் தீட்டுகிறான். அம்மா படம் மாட்டியிருந்த இடத்தில் யாரோ ஒரு மீசைக்காரன் படம் தொங்குகிறது. அம்மா படத்தைக் கழற்றி எங்கே போட்டீர்கள்? குதிருக்குப் பின்னாலா?

ஆறு வருடத்துக்கு முன்னால் சாயும் நானும் மாலையும் கழுத்துமாக அந்த வாசலில் வந்து நின்றோம். சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனைக்கும் முன்னால் அப்பா "எனக்குப் பொண்ணே இல்லை, போகச் சொல்லு" என்றார். நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்றைக்குத் திரும்பினவள்தான். நான் மிதிக்கக் கூடாத வாசலில் லைட்டுக்காரனும் மேக்கப்காரனும் செருப்புக்காலோடு ஏறி இறங்கியிருக்கிறார்கள். எனக்குத்தான் அனுமதி இல்லை. கேட்க வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தோன்றவில்லையா உங்களுக்கு?

பாதியோடு படத்தை நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்க என்னால் ஆகாது.

லோகப்பிரியா

*

தாராபுரம்,
8 ஜூலை 2025

லோகப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

ஆறு வருடமாக அப்பா இருக்கிறாரா, சாப்பிட்டாரா என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு சினிமாவில் சுவரைப் பார்த்ததும் உனக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. போன வருடம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஒற்றைக் கண்ணில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அப்போது நீ எங்கே இருந்தாய்? போகச் சொன்னார், போனாய். மறுபடி வந்து கதவைத் தட்டினாயா? ஒரு தடவை தட்டியிருந்தால் தேய்ந்தா போயிருப்பாய்? நீ காந்திபுரத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலமெல்லாம் இங்கே கல்யாணம், காது குத்து, சாவு என்று எங்கே போனாலும் "தங்கச்சி எப்பிடி இருக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்களுக்குப் பதில் சொன்னது நான்தான்.

வீட்டை நான் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். ஷூட்டிங்குக்கு இடம் பார்க்கிற ஆள் வந்து கேட்டபோது நான் முடியாது என்றுதான் சொன்னேன். அப்பாதான் சரியென்றார். "ஊட்டுல ஆள் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு, வரட்டும் விடு" என்றார்.

அவர்கள் சாப்பாட்டு வண்டியோடு வந்தார்கள். அப்பா அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நம் ஊட்டுக்கு வந்தவர்கள் நம் சோறு திங்காமல் போவதா என்று சொல்லி, ஆள் வைத்து அடுப்பு மூட்டி, லைட்டுக்காரர் வரைக்கும் பந்தி போட்டுப் பரிமாறினார். வில்லனாக நடித்தவர் பாவம், பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவர். அவருக்குத் தனியாக உப்பில்லாமல் ரசம்.

அம்மா படம் குதிருக்குப் பின்னால் போகவில்லை. கழற்ற வேண்டும் என்று சொன்னதும் அப்பாவே ஏணி போட்டு ஏறிக் கழற்றினார். தன் துண்டில் சுற்றி, ஷூட்டிங் முடிகிற வரைக்கும் தன் மடியிலோ கைப்பிடியிலோதான் வைத்திருந்தார். சாப்பிடும்போதும் பக்கத்தில்தான். அவர்கள் வண்டி தோட்டத்து வேலியைத் தாண்டுவதற்குள் பழையபடி மாட்டியாகிவிட்டது.

படம் எனக்கும் ஆகவில்லை. உன் கோபம் சுவரோடு நின்றுவிட்டது, எனக்கு அதற்கு மேலேயும் இருக்கிறது. நம்ம பக்கத்து ஆள் என்றால் அரிவாள் எடுத்தே ஆக வேண்டுமா? பொழுது விடிந்தால் தென்னைக்குத் தண்ணீர் கட்டவும் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடவுமே நேரம் போதவில்லை, இதில் யாரை வெட்டப் போவது? அந்த வில்லன் வெள்ளை வேட்டியோடு சேற்று வயலில் இறங்கி நடக்கிறார், வேட்டியில் ஒரு பொட்டுச் சேறில்லை. பால் கறக்கிற காட்சியில் கன்றையே காணோம். இதைப் பார்த்துவிட்டுத் திருப்பூரிலிருந்து ஒருத்தர் போன் போட்டு, நிஜத்திலேயே இப்பிடித்தானுங்களா என்று கேட்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பாதியில் நிறுத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு படத்தைத் திட்டுவதென்றால் முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்ட வேண்டும். மீதியையும் பார். அதில் அப்பா இருக்கிறார். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

காலில் கட்டோடு நடமாடாதே.

கிருபாசங்கர்

*

சிங்காநல்லூர்,
12 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

பார்த்தேன். பார்க்கச் சொன்னதற்கு ரொம்ப நன்றிங்க.

கண் ஆபரேஷன் விஷயம் எனக்கு யார் சொன்னார்கள்? என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். கதவைத் தட்டச் சொல்கிறீர்கள். பொண்ணே இல்லை என்று சொன்ன வீட்டுக் கதவை நான் யார் என்று சொல்லித் தட்டுவது? அப்பா மடியில் அம்மா படம் இருந்தது என்று படித்தபோது ஒரு நிமிடம் மனசு இளகியது உண்மை. அந்த இளக்கத்தோடுதான் அத்தையிடம் மீதிப் படத்தைப் போடச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

மகள் தன் புருஷனோடு வாசலில் வந்து நிற்கிறாள். அதே பச்சைக் கதவு. நம் ஹாலில் ஒறம்பரை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வில்லன் ஊஞ்சலிலிருந்து எழாமல் சொல்கிறான், "எனக்குப் பொண்ணே இல்லை." எழுத்துப் பிசகாமல் அதே வசனம். அதை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது யாருங்க? தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது. என் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு கேவலத்தை ஊரெல்லாம் சோறு தின்றுகொண்டே பார்க்கும்படி பண்ணிவிட்டீர்கள்.

அதையும் விடுங்கள். பின் வரிசையில் அப்பா. வெள்ளைச் சட்டை, மடியில் துண்டு சுற்றின பொதி. அது அம்மா படம் என்று நீங்கள் எழுதியிருந்ததால் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் வாசலில் வந்து நின்றதும் எல்லோரும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் பாதி எழுந்து, அவளைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ சொல்கிறார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. உடுக்கை மட்டும் அடிக்கிறது.

அத்தையிடமிருந்து ரிமோட்டை வாங்கி மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். சத்தம் வரவே இல்லை. எதற்கு வர வேண்டும்? எனக்குத் தெரியாதா அவர் சொல்வது? அன்றைக்கும் அப்படித்தான் பாதி எழுந்து, கையை நீட்டி, போகச் சொன்னார். அது யாரோ ஒரு நடிகை, சம்பளத்துக்கு வந்து நிற்கிற பிள்ளை. அவளைக் கண்டதும்கூடத் துரத்தத்தான் கை எழுகிறது என்றால், அந்த மனசில் எனக்கு இனிமேல் என்ன இருக்கிறது?

சாய் பக்கத்தில்தான் இருந்தார். ரிமோட்டை என் கையிலிருந்து எடுத்துவிட்டு, காலுக்கடியில் தலையணையைச் சரிபண்ணி வைத்தார். இந்த மனுசனைத்தான் நீங்கள் எல்லோரும் அன்றைக்கு நின்ற நிலையில் திருப்பி அனுப்பினீர்கள்.

ஒரு நாள் கூப்பிடுவார், ஒரு நோம்பி, பண்டிகைக்காவது கூப்பிடுவார் என்று வெட்கம் கெட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். அது முடிந்தது. இதுதான் என் கடைசிக் கடிதம். அம்மா படத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். அதைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற வீட்டில் அது இருக்க வேண்டாம். பார்சலில் போட வேண்டாம், கண்ணாடி உடையும். சாய் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வார். என்றைக்கு என்று எழுதுங்கள்.

லோகப்பிரியா

*

தாராபுரம்,
19 ஜூலை 2025

லோகு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு உடனே எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய்.

முதலில் வசனம். நான் ஒருத்தருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. இந்த மாதிரிப் படம் எல்லாவற்றிலும் அந்த வசனம்தான் வருகிறது. நீதான் தினம் ஒன்று பார்க்கிறாயே, உனக்குத் தெரியாதா? அப்பா மாதிரி ஆட்கள் சொல்லித்தான் சினிமாக்காரர்கள் எழுதுகிறார்களா, சினிமாவைப் பார்த்துத்தான் அப்பா மாதிரி ஆட்கள் சொல்கிறார்களா என்பது எனக்குத் தெரியவில்லை.

இப்போது அப்பா. நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். இதற்காகத்தான் எனக்குப் போனைவிடக் கடிதம் பிடிக்கிறது.

மீசையையும் உட்கார்ந்திருந்த தோரணையையும் பார்த்துவிட்டு டைரக்டர் அவரையும் ஒறம்பரையில் ஒருத்தராக உட்காரச் சொன்னார். சட்டை, வேட்டி எல்லாம் அவருடையதே. சும்மா உட்கார்ந்தால் போதுங்கய்யா என்றார்கள். முதல் காட்சியில் வில்லன் வெளியிலிருந்து ஹாலுக்குள் வர வேண்டும். எல்லோரும் பயந்து தலையைக் குனிய வேண்டும். வில்லன் நிலைப்படியைத் தாண்டினதும் அப்பா எழுந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வாங்க. வில்லனே பக்கத்தில் வந்து, "ஐயா, நான் கெட்டவனுங்க, எனக்கு எதுக்குங்க வாங்க" என்று கேட்டார். "அதெப்பிடீங்க, ஊட்டுக்குள்ள காலு வெச்சுட்டீங்களே" என்றார் அப்பா. ஒருவழியாக அவரைப் பின் வரிசையில் தள்ளி உட்கார வைத்து அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் காட்சி. அவள் பையன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வில்லன் வசனத்தைச் சொன்னார். அப்பா எழுந்தார். கையை நீட்டினார். "வா கண்ணு, உள்ள வா" என்றார்.

இதைத்தான் நீ போ என்று முடிவு பண்ணிக்கொண்டாய்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. டைரக்டர் வந்து, "பெரியவரே, நீங்க பேசக் கூடாதுங்க" என்றார். "நான் வாயே தொறக்கலீங்களே" என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை லோகு. சொன்னது அவருக்கே தெரியவில்லை. திரும்ப எடுத்தார்கள். அவர் திரும்ப எழுந்தார், திரும்ப அதையே சொன்னார். எத்தனை தடவை எடுத்தார்களோ அத்தனை தடவையும் சொன்னார். வெளியே உட்காருங்கப்பா என்று நான் போய்க் கூப்பிட்டேன். "நான் சும்மாதாண்டா உக்காந்திருக்கேன்" என்று என் கையைத் தட்டிவிட்டார். பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. இருக்கட்டும், சத்தத்தை டப்பிங்கில் நீக்கிவிடலாம் என்று டைரக்டர் முடித்துக்கொண்டார். நீக்கியும் விட்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன், "ஏனுங்கப்பா, லோகுவை வரச் சொல்லட்டுங்களா" என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அத்தனை பேருக்கு முன்னால துப்பிப்போட்டேன். அதை எப்பிடிடா முழுங்கறது" என்றார். அப்புறம் மோரை ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் டிவியில் வந்ததும் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் காட்சி வருகிற நேரத்துக்கு அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தன் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை என்றதும், "சத்தம் வெய்யிடா" என்றார். வைத்தேன். "இன்னுங் கொஞ்சம் வெய்யி" என்றார். உடுக்கைச் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. அவரே என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி அமுக்கிக்கொண்டே இருந்தார். டப்பிங்கில் நீக்கிவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "லோகு இதைப் பாத்திருப்பாளாடா" என்று கேட்டார். தெரியாதுங்கப்பா என்றேன். "பாத்தாலும் கேட்டிருக்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

அதனால்தான் மீதியைப் பார் என்று எழுதினேன். சத்தம் இல்லாவிட்டாலும் பெற்ற அப்பன் கை நீட்டுவது உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கணக்கு டீச்சரான உனக்கு இது தெரியவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அம்மா படத்தைத் தர மாட்டேன். சாயை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து என் வீட்டுப் பொருளைக் கைமாற்றிவிடுகிற வேலையெல்லாம் எனக்கு வராது. உன் நம்பரைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

கிருபா

*

சிங்காநல்லூர்,
26 ஜூலை 2025

அண்ணா,

நம்பரைத் திறந்தது தெரியும். கூப்பிட்டால் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அத்தைதான் எனக்குச் சத்தமாகப் படித்தார். பாதிக்கு மேல் அவருக்கும் முடியவில்லை, சாய் வாங்கிப் படித்தார்.

எனக்கு இப்போது யார் மேல்தான் கோபம் இல்லை? அந்த டைரக்டரைக் கண்டால் சும்மா விட மாட்டேன். படம் முழுக்கக் கத்தல். அரிவாள் தீட்டுகிற சத்தம், கதவை உதைக்கிற சத்தம், ஒப்பாரி, உடுக்கை. அத்தனையையும் காது கிழிய வைத்துவிட்டு, அந்த வீட்டில் யாரோ ஒருத்தர் உண்மையாகச் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்து எடுத்திருக்கிறார். இவரெல்லாம் குடும்பப் படம் எடுக்கிறார்.

உங்கள் மேலும் கோபம்தான். பார், அப்பா இருக்கிறார் என்று மொட்டையாக எழுதினீர்களே, அவர் என்ன சொன்னார் என்று கூட ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா? அப்பா மேல் அதற்கும் மேலே கோபம். யாரோ ஒரு பிள்ளைக்கு, அதுவும் கேமராவுக்கு முன்னால், திரும்பத் திரும்பச் சொல்ல முடிந்தது. எனக்கு ஒரு தடவை சொல்ல ஆறு வருடம் போதவில்லையா அவருக்கு? அத்தனை பேருக்கு முன்னால் துப்பினாராம், முழுங்க முடியவில்லையாம். அவர் முழுங்க வேண்டாம். என்னைக் கூப்பிட்டால் போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு. நோம்பிக்கு எல்லா வீட்டுப் பெண்களும் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள், நானும் வாரேன். சாய் கார் எடுக்கிறார். அத்தையும் வருகிறார், அந்த வெள்ளைச் சில்லை நேரில் பார்க்க வேண்டுமாம். கட்டு இன்னும் பிரிக்கவில்லை, கைத்தடியோடுதான் இறங்குவேன். நீங்கள் ஓடி வந்து பிடிக்க வேண்டாம். சாய் பிடித்துக்கொள்வார்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். சொன்னால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு நின்ற அதே வாசலில் வந்து நிற்பேன். அவர் கூப்பிடாமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன், அதிலும் மாற்றமில்லை.

டிவியை மட்டும் நிறுத்தி வையுங்கள். எனக்குக் காதில் கேட்க வேண்டும்.

லோகு